பட்டறை மண்ணில் பொடித்தங்கம்: பாதரசத்தை விட்டொழித்த அனுபவம்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:

நகைப்பட்டறையில் பெருக்கிச் சேர்த்த குப்பையை ஆண்டுக்கு ஒருமுறை எரித்துச் சாம்பலாக்கி, அதிலுள்ள பொடித்தங்கத்தைப் பிரித்தெடுப்பது எங்கள் வீட்டில் தாத்தா காலத்து வழக்கம். அப்பா அதற்கு, தங்கத்தைப் பற்றிக்கொள்ளும் பாதரசத்தையே நம்பினார். ஈரச் சாம்பலில் அதை விட்டு வெறுங்கையால் பிசைந்து, துணியில் பிழிந்து, எஞ்சும் தங்கமும் பாதரசமும் கலந்த வெள்ளை உருண்டையை அடுப்படியிலேயே சுடுவார். பாதரசம் 357 டிகிரி செல்சியசில் கொதித்து ஆவியாகிவிடும். அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை என்பதால், அருகில் அமர்ந்து வேடிக்கை பார்த்த எங்களுக்கு அச்சமும் இல்லை. பிற்காலத்தில் கை நடுங்கி, சங்கிலிக் கண்ணிகளைக் கோக்க முடியாமல் அப்பா மருத்துவரிடம் போனபோது, மருத்துவர் முதலில் கேட்டது என்ன தொழில் என்பதைத்தான்.

நான் பாதரசத்தைத் தொடுவதில்லை. கேடிஎம் என்னும் காட்மியம் கலந்த பொடியால் பற்றவைப்பு நடந்த காலத்து மண்ணில் காட்மியம் இருக்கும், அதன் புகை நுரையீரலைக் கெடுக்கும் என்பதால், பழைய குப்பையை எரிப்பதையும் நிறுத்திவிட்டேன். நனைத்துச் சலித்து, ஒரே பருமனுள்ள மண்ணைத் தனித்தனியே அலசுகிறேன். தங்கம் தண்ணீரைவிட 19.3 மடங்கு கனமானது, மணல் ஏறத்தாழ 2.65 மடங்குதான், ஆனாலும் பெரும்பருக்கைகளோடு கலந்து அலசினால், மாவு போன்ற தங்கம் அவற்றோடு ஓடிவிடும். அரத்திலிருந்து உதிர்ந்த இரும்புத்தூளைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிய காந்தம் இழுத்துக்கொள்ளும்.

முதல்முறை அலசியபோது தட்டின் விளிம்பில் மஞ்சள் ஏடொன்று நீரின் மேலேயே மிதந்து வழிந்து போனதைக் கண்டு பதறிவிட்டேன். பிசுக்கேறிய மெல்லிய துகளை நீரின் பரப்பு இழுவிசையே தாங்கிவிடுகிறது. பாத்திரம் தேய்க்கும் சோப்பு நீரை இரண்டு சொட்டு விட்டதும், அடுத்த தட்டில் பொடித்தங்கம் அமிழ்ந்து, கறுப்பு வண்டலின் ஓரத்தில் மெல்லிய கோடாகப் படிந்தது. அந்த வண்டலை உலர்த்தி, பற்றவைப்புக்குப் பயன்படும் வெங்காரம் (போராக்ஸ்) சேர்த்து மூசையில், அதாவது உருக்கும் கிண்ணத்தில், உருக்கினால், அழுக்கெல்லாம் கண்ணாடிபோல் மேலே திரள, தங்கம் அடியில் மணியாக நிற்கும். உருக்குவதைக் கொல்லையில், புகை முகத்தில் படாதபடி செய்கிறேன். பிலிப்பைன்ஸின் பெங்கெட் பகுதியில் சிறு சுரங்கத் தொழிலாளர்கள் பாதரசமின்றி வெங்காரத்தைக் கொண்டே பொன் எடுக்கிறார்கள் என்று பின்னாளில் படித்தேன். தினமும் நம் கையில் புரளும் பொருள் இது!

புதுச்சேரியிலிருந்து:

அண்ணன் சொல்வதில் ஒன்றைச் சேர்க்கிறேன். பாதரசத்தால் கூடுதல் தங்கம் கிடைக்கும் என்று தொழிலில் சொல்வதும் முழு உண்மையன்று. எண்ணெய்ப்பசை மிகுந்த மண்ணில் நான் பிசைந்தபோது பாதரசம் சாம்பல்நிறச் சிறுமணிகளாகச் சிதறி, திரும்ப ஒன்றுசேராமல், பிடித்த தங்கத்தோடு கழுவுநீரில் போய்விட்டது. சாக்கடையில் ஊற்றினால் அது கடலுக்கும் மீனுக்கும் போகும். மிச்சப் பாதரசத்தைக் கெட்டியான பாட்டிலில், மேலே தண்ணீர் நிற்கும்படி ஊற்றி, இறுக மூடி வைத்திருக்கிறேன். அபாயக் கழிவைக் கையாள உரிமம் பெற்றவர்களிடம் ஒப்படைக்கும் வரை அந்தப் பாட்டிலைப் பட்டறையில் யாரும் திறப்பதில்லை.