தாத்தா கல்லறை என்று நினைத்தது வேறொருவருடையது: உங்களுக்கு நடந்திருக்கிறதா?

அல்சூர் பேரன்:
போன நவம்பர் 2, கல்லறைத் திருநாள், பெங்களூர் ஓசூர் ரோடு கல்லறை. அன்றைக்குக் கூட்டம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அத்தைக்கு 78 வயது. ஆட்டோவை விட்டு இறங்கி நேராக வேப்பமரத்தடிக்குப் போய், அங்கிருந்து எண்ணி பதினோராவது கல்லறையில் நின்றார். வருஷா வருஷம் இதே கணக்குதான். சுண்ணாம்பு அடிப்போம், சாமந்தி, மெழுகுவர்த்தி, முடிந்தது. இந்த முறை பெயரை ஒரு போட்டோ எடுக்கலாமே என்று தேங்காய் நாரால் தேய்த்தேன். பழைய சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக உரிந்தது. 'சவரி' தெரிந்தது. தாத்தா பெயர் சவரிமுத்து, சரி. அடுத்து 'ய' வந்தது. அப்புறம் 'ம்மாள்'. கீழே 1944. தாத்தா போனது 1951.

அத்தை ஒன்றும் பேசவில்லை. பெரியப்பா பூவோடு கேட்டில் நுழைவதைப் பார்த்துவிட்டு, "டேய், சீக்கிரம் சுண்ணாம்ப அடிடா" என்றார். அடித்துவிட்டேன். பெரியப்பா முட்டி போட்டு ஜெபம் சொன்னார். எழுந்தபோது அவர் பேன்ட்டில் ஈரச் சுண்ணாம்பு இரண்டு வட்டமாக ஒட்டியிருந்தது. அதுதான் இன்னும் கண்ணில் நிற்கிறது.

பிரேசர் டவுன் அக்கா:
தப்பு தம்பி. அந்த சவரியம்மாளின் பேரப்பிள்ளைகள் யாராவது வருஷா வருஷம் வந்து தேடிவிட்டுத் திரும்பிப் போயிருப்பார்கள். பெயரை மூட உங்களுக்கு என்ன உரிமை?

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். தாத்தாவின் பங்குக் கோவிலில் அடக்கப் பதிவேட்டைக் கேளுங்கள். பழைய பதிவுகளில் பெயர் லத்தீனில் இருக்கும், அதனால் 'சவேரியுஸ்' என்றும் தேடுங்கள். ஞானஸ்நானப் பதிவையும் விடாதீர்கள். அதில் அப்பா அம்மா பெயரோடு ஞானப் பெற்றோர் பெயரும் இருக்கும், முக்கால்வாசி சொந்தக்காரர்கள்தான். அந்த சவரியம்மாள் பெங்களூர் கன்டோன்மென்டில், அதாவது பழைய ராணுவக் குடியிருப்புப் பகுதியில், இறந்திருந்தால் மைசூர் அரசுப் பதிவில் தேடிப் பயனில்லை. 1947 வரை அது வெள்ளைக்காரன் கையில் தனியாக இருந்தது, 1949இல்தான் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே கார்ப்பரேஷன் ஆனது. போகும்போது வீட்டில் மூத்தவர் ஒருவரைக் கையோடு கூட்டிப் போங்கள். எங்கள் பாட்டியின் ஞானத்தாய் பெயரை நான் வாசித்ததும் அம்மா, "இவங்க மடியிலதான்டி நான் வளர்ந்தேன்" என்று அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெயரை அதுவரை நான் கேள்விப்பட்டதே இல்லை.

மாரிகுப்பம் ரயில்:
அக்கா, சும்மா தம்பியைத் திட்டாதீர்கள். பெரியவர் மனசு நோகக் கூடாது என்றுதானே செய்தார்? பதிவேடு எல்லாருக்கும் கிடைக்காது. எங்கள் கொள்ளுத்தாத்தா குடியாத்தம் பக்கத்திலிருந்து கோலார் தங்கவயலுக்குப் போனவர், சாம்பியன் ரீஃப் சுரங்கம். அவர் கல்லறையைத் தேடி பெங்களூரிலிருந்து சித்தப்பாவோடு போய்ப் பார்த்தேன். 2001இல் சுரங்கத்தை மூடிய பிறகு அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். சித்தப்பா சயனைடு மேட்டை, அதாவது தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவு மண் மலையைக் காட்டி, "அதுக்கு அந்தாண்ட" என்றார். ஒரே முள்காடு, உள்ளே நுழைய வழியே இல்லை. பீடி குடிக்காத மனுஷர், சட்டைப்பையிலிருந்து ஒரு கட்டு எடுத்தார். ஒன்றைப் பற்றவைத்து மண்ணில் குத்தி, அணையும்வரை பக்கத்திலேயே குந்தியிருந்தார். திரும்பி வரும் ரயிலில் நாங்கள் இரண்டு பேரும் கிரிக்கெட் பற்றித்தான் பேசினோம்.

தாராவிக்காரன்:
உங்களுக்காவது எண்ணிப் பார்க்க மரம் இருக்கிறது. மும்பையில் இடம் இல்லாமல், கொஞ்ச வருஷத்தில் அதே குழியில் அடுத்தவரை வைத்துவிடுகிறார்கள். அப்பாவுக்குப் பூ வாங்கிக்கொண்டு போனேன், அங்கே வேறொரு வீட்டார் அழுதுகொண்டிருந்தார்கள். பூவை அவர்களிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.

அல்சூர் பேரன்:
அக்கா சொன்னபடி கோவிலில் கேட்டேன். தாத்தா பெயர் இருக்கிறது, 1951. எந்த இடத்தில் புதைத்தார்கள் என்று மட்டும் எழுதவில்லை. அத்தையிடம் சொன்னேன், "உங்க பெரியப்பாகிட்ட சொல்லிடாதே" என்றார். இதற்கிடையில் நேற்று பெரியப்பா போன் செய்தார். சுண்ணாம்பு ஒரு மழைக்குத் தாங்குவதில்லையாம், இந்த வருஷம் தாத்தா பெயர் போட்டு கிரானைட் கல் வைத்துவிடலாமாம். ஆளைப் பார்த்து அட்வான்ஸும் கொடுத்துவிட்டாராம்.