பழைய புல்லட் 350: நியூட்ரலில் கடகட, ஏற்றத்தில் ஊளை. கிளச்சா, கியர்பாக்ஸா?

வத்தல்மலை_ரைடர் (தர்மபுரி)
வணக்கம். வண்டி வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் 350. வலதுகால் கியர், 4 ஸ்பீடு, 12 வோல்ட். டிரயல்ஸ் (கல், மேடு பள்ளத்தில் கால் ஊன்றாமல் மெதுவாக ஓட்டுவது) ஓட்ட கியர்பாக்ஸ் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைத்திருக்கிறது.

நியூட்ரலில் ஐட்லிங்கில் இடப்பக்கம் கடகடவென்று சத்தம். கிளச்சைப் பிடித்தாலும் நிற்கவில்லை, ஆக்சிலரேட்டர் கொடுத்தால் மங்குகிறது. மலை ஏறும்போது 2, 3-ல் ஊளை, 4-ல் சுத்தமாக இல்லை. முதல் கியர் போட்டால் டங்கென்று இடிக்கிறது. கியர்பாக்ஸை முழுசா இறக்கணும் என்கிறார்கள். வேறு வழி உண்டா?

கரடுமேடு (கிருஷ்ணகிரி)
இப்போதைக்கு இறக்காதீங்க. நீங்க சொல்வது தனித்தனி சத்தங்கள். கிளச்சைப் பிடித்தால் மெயின் ஷாஃப்ட் (கியர்பாக்ஸின் முக்கியத் தண்டு) நின்றுவிடும். எஞ்சினிலிருந்து கிளச்சுக்குப் போகும் பிரைமரி செயினும், கிளச் பிளேட்டுகள் உட்காரும் டிரம்மும் சுற்றிக்கொண்டே இருக்கும். பிடித்தும் நிற்காத சத்தத்துக்கு கியர்பாக்ஸ் காரணமில்லை, இடப்பக்க மூடிக்குள்தான் பார்க்கணும். ஐட்லிங்கில் அடித்து, ரெவ் ஏறினால் அடங்குவது தொய்ந்த பிரைமரி செயினின் குணம்.

இடது ஃபுட்ரெஸ்ட்டையும் பிரேக் பெடலையும் கழற்றுங்க. மூடி நடுவில் இருக்கும் ஒரே நட்டில்தான் நிற்கிறது. திறக்கும்போது ஆயில் கொட்டும், கீழே தட்டு வைங்க. ஸ்பார்க் பிளக்கை எடுத்துவிட்டு எஞ்சினை மெதுவாகச் சுற்றி, செயின் மேல்பக்கத்தை நாலைந்து இடத்தில் அமுக்கிப் பாருங்க. செயின் ஒரே சீராகத் தேயாது. இறுக்கமான இடத்தில் 6 மி.மீ. ஆட்டம் இருக்கிற மாதிரி, செயினை இறுக்கும் டென்ஷனரை வைக்கணும். டென்ஷனர் கடைசி வரை போயும் தொய்வு தீரலைன்னா செயின் முடிந்தது, மாற்றிடுங்க.

மூடி திறந்திருக்கும்போதே ஆல்டர்னேட்டரையும் (மின்சாரம் தரும் பகுதி) பாருங்க, இதை நிறைய பேர் விட்டுடறாங்க. சுற்றும் ரோட்டருக்கும் நிற்கும் ஸ்டேட்டருக்கும் நடுவில் சுற்றிலும் 0.2 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) தாராளமாகப் போகணும். எங்கேயாவது பளபளவென்று உரசல் தெரிந்தால் கடகடவில் பாதி அங்கிருந்துதான்.

டங் இடி கிளச் முழுசா விடாததால். டிரம் பள்ளங்களில் பிளேட் காதுகள் அடித்து அடித்து படி விழுந்திருக்கும். பிளேட் அதில் மாட்டிக்கும். லேசான படியை அரத்தால் சமன்படுத்தலாம், ஆழமாக இருந்தால் டிரம்மை மாற்றணும். மெதுவாக, பாதி கிளச்சிலேயே ஓட்டும் டிரயல்ஸ் வண்டியில் இது சீக்கிரம் வரும்.

மூடும்போது 20W-50 ஆயில் சுமார் 420 மி.லி., லெவல் ஸ்க்ரூ வரை மட்டும். அதிகமானால் கிளச் வழுக்கும்.

செயின்_ஸ்ப்ராக்கெட் (ஓசூர்)
ஊளையைப் பற்றி நான் சொல்றேன். இந்த பாக்ஸில் 4-வது நேரடி கியர். மெயின் ஷாஃப்ட்டிலிருந்து, அதன் மேல் குழாய் மாதிரி இருக்கும் ஸ்லீவ் கியர் வழியா ஸ்ப்ராக்கெட்டுக்கு சக்தி நேரா போகுது, பக்கத்தில் இணையா ஓடும் லே ஷாஃப்ட்டுக்குச் சுமையே இல்லை. 1, 2, 3-ல் அதன் வழியாத்தான் போகணும். 4-ல் சத்தமில்லை என்றால் சந்தேகம் லே ஷாஃப்ட் மேல். 2-ல் மட்டும் ஊளை இருந்தால் அந்த ஜோடிப் பற்கள்; 2-லும் 3-லும் இருப்பதால் ஷாஃப்ட் முனைத் தேய்மானம், அல்லது எல்லா கியருக்கும் பொதுவான ஜோடி.

பாக்ஸைத் திறக்குமுன் பின் செயினைத் தளர்த்திப் பாருங்க. ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் பிவட், பின் ஆக்ஸில் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் மிக இறுக்கம். கல்லுப்பாதையில் சஸ்பென்ஷன் அந்த நிலையை அடிக்கடி தொடும். அப்போதும் ஆட்டம் மிச்சமிருக்கணும், இல்லைன்னா ஸ்லீவ் கியர் பேரிங் காலி.

வத்தல்மலை_ரைடர் (தர்மபுரி)
நன்றி அண்ணா. பாக்ஸில் முன்பு வைத்திருந்தவர் கெட்டி கிரீஸ் போட்டிருக்கிறார். அதை விட்டுவைக்கலாமா?

செயின்_ஸ்ப்ராக்கெட் (ஓசூர்)
வேண்டாம் தம்பி. வீல் பேரிங் கிரீஸ் பற்கள் ஓடும் இடத்தில் ஒதுங்கிப் போய் திரும்ப வராது. பல் வறண்டு ஓடும், ஊளைக்கு அதுவே போதும். மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி வடிங்க. வடிந்ததை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்க: செம்பு நிறத் தூள் புஷ் (ஷாஃப்ட்டைத் தாங்கும் வளையம்) தேய்மானம், காந்தத்தில் ஒட்டும் சில்லு பல் அல்லது டாக் (கியர்களைப் பூட்டும் முட்டு) உடைசல். சில்லு வந்தால் அதுக்கப்புறம் ஓட்டாதீங்க, அப்போதான் இறக்கணும். சில்லு இல்லைன்னா EP90 கியர் ஆயில் ஊற்றி மறுபடி அதே ஏற்றத்தில் கேளுங்க. சீல் வழியா ஒழுகினால் 00 கிரேடு இளகின கிரீஸ் கலக்கலாம்.

கரடுமேடு (கிருஷ்ணகிரி)
இன்னொன்று: கிளச் லீவரில் 2 முதல் 3 மி.மீ. வெறும் ஆட்டம் விடுங்க. ஆட்டமே இல்லாவிட்டால் கிளச்சைத் தள்ளி விடுவிக்கும் புஷ் ராட் எப்போதும் அழுந்தி, முனை சூடாகி நீலம் பாரிக்கும். கிளச் பிடித்தால் மட்டும் கீச்சென்று கத்தும். டிரம் படியைச் சரிசெய்த பிறகு இதை வைங்க, முதலில் வைத்தால் மறுபடி மாற்ற வேண்டிவரும்.