புதுப்பிப்பு: ஒலியை விட மெதுவான வேட்டைக் குண்டுக்கு எவ்வளவு கடினமான ஈயம்?

நியூசிலாந்தில் மான் வேட்டைக்குப் போகும் மச்சானுக்காகப் போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: 300 பிளாக்அவுட் என்ற துப்பாக்கித் தோட்டாவில் ஒலி வேகத்துக்குக் கீழே சுட, வீட்டில் வார்க்கும் குண்டு எவ்வளவு கடினமாக இருக்க வேண்டும் என்று. கொழும்பில் இருந்துகொண்டு நான் சுட்டுப் பார்க்க வழியில்லை, செய்தது எல்லாம் அவன்தான்.

முடிவு, மென்மைதான். பலர் சொன்ன, கார் சில்லைச் சமநிலைப்படுத்த ஒட்டும் எடைகளின் ஈயத்தை அவன் விட்டுவிட்டான், அதில் ஈயத்தைக் கடினமாக்கும் அன்டிமனி இருப்பதால் பிரினெல் என்ற கடின அளவில் (எண் கூடினால் கடினம் கூடும்) 12 பக்கம் வரும், வார்த்த சூட்டோடு தண்ணீரில் போட்டால் இன்னும் ஏறும், நொடிக்கு 320 மீட்டரில் போகும் குண்டு அந்தக் கடினத்தில் விரியாமல் பென்சில் மாதிரி துளைத்துக்கொண்டு போய்விடும், மிருகம் காயத்தோடு ஓடும். சுத்த ஈயம் 5 அளவில்தான். அதில் இருபதுக்கு ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்தால் கிட்டத்தட்ட 10, முப்பதுக்கு ஒன்று என்றால் 9. அவன் முப்பதுக்கு ஒன்றில் நின்றான், விரிவதற்காக முனையில் குழியும் வைத்து. ஈரமான பழைய பத்திரிகைக் கட்டுக்குள் சுட்டபோது நன்றாக விரிந்ததாம்.

மென்மையாக இருந்தால் குழலில் ஈயம் ஒட்டும் என்று பயமுறுத்தியவர்களுக்கு: இந்த அழுத்தத்தில் குண்டின் விட்டம் குழலுக்குச் சரியாகப் பொருந்துவதுதான் முக்கியம், கடினம் அப்புறம்தான். வார்க்கும்போது காற்றோட்டம், கையுறை, ஈயம் தொட்ட கையோடு சாப்பிடாதது, இதெல்லாம் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

கடினமானியை வாங்காமல் ஓவியப் பென்சில்களால் கீறிப் பார்க்கிறான். அந்தப் பென்சில் பெட்டியைப் புறக்கோட்டையில் வாங்கி அனுப்பியது மட்டும் என் பங்கு.