நிலக்கரி பாய்லரில் உமி எரிக்க முடியுமா?

நீராவி_நெல்லை:
அண்ணாச்சிமாரே, பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரி விடுதியில் பாய்லர் பார்க்கிறேன். மூன்று வேளைச் சமையலும் நீராவியில்தான். நிலக்கரியைக் கையால் அள்ளிப் போடுகிற பழைய பாய்லர். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழக மின் நிலையத்தில் 2003-இல் நிலக்கரியோடு ஓட்ஸ் உமியையும் எரிக்கத் தொடங்கினார்கள். மேலதிகாரி ஒருவர் அதைப் படித்துவிட்டு, "தாமிரபரணிக் கரையில் இல்லாத உமியா? மாற்றிவிடு" என்கிறார். போன வாரம் நாலு மூட்டை போட்டுப் பார்த்தேன். பாதி, கரி எரியும் இரும்புத் தட்டின் இடுக்கு வழியே கொட்டிவிட்டது, மீதி எரியாமலேயே புகைபோக்கியில் பறந்தது. பிரஷர் ஏறவே இல்லை, இட்லி வேக மணி பத்தரை. எங்கே தப்பு?

அம்பை_ரைஸ்மில்:
தப்பு உங்கள் மேல் இல்லை தம்பி, தட்டு மேல். அது கட்டிக் கரிக்குச் செய்தது. எங்கள் மில்லில் நெல் அவிக்க உமிதான், ஆனால் படிப்படியாகச் சரியும் தட்டு. அயோவாவில் உள்ளது அடியிலிருந்து காற்றை ஊதி, எரிபொருளை மிதக்கவிட்டு எரிக்கும் பாய்லர். அவர்களுக்கு உமி தருவது சீடர் ராப்பிட்ஸ் நகரில் இருக்கும் குவாக்கர் ஓட்ஸ் ஆலை. அங்கே ஆலை ஓடுகிற வரைக்கும் உமிக்குப் பஞ்சமில்லை. நமக்குக் கார் பருவ நெல் அறுப்பு புரட்டாசியில், பிசானப் பருவ அறுப்பு மாசி பங்குனியில். நடுவில் ஐப்பசி மழை. நனைந்த உமியை வைத்து என்ன செய்ய? செங்கல் சூளைக்காரர் வேறு முன்பணத்தோடு நிற்பார். அப்புறம் சாம்பல். நூறு கிலோ உமிக்கு இருபது கிலோ மிஞ்சும். உமிக்கரியில் பல் தேய்த்த தலைமுறையும் போய்விட்டது!

தூத்துக்குடி_பயர்மேன்:
அந்தச் சாம்பலில் பெரும்பங்கு சிலிக்கா. குழாயை உப்புத்தாள் மாதிரி தேய்த்துவிடும். கடலைத்தோடு, மரத்தூள் அழுத்திய பிரிக்கெட் கேட்டுப் பாருங்கள். கட்டியாக இருப்பதால் உங்கள் தட்டிலேயே நிற்கும். காய்ந்த உடைமர விறகும் ஆகும். ஆனால் பாய்லர் இன்ஸ்பெக்டர் அனுமதி இல்லாமல் எதையும் வெட்டி ஒட்டாதீர்கள்.

நீராவி_நெல்லை:
சரி அண்ணாச்சி, பிரிக்கெட் ஒரு லோடு கேட்கிறேன். சாம்பல் என்றதும்தான் உறைத்தது: பாய்லர் அறைக்கு நேர் கிழக்கே பெண்கள் விடுதியின் துணிக்கொடி. ஆடிக்காற்று மேற்கிலிருந்துதானே அடிக்கும்? மேலதிகாரியை முதலில் அங்கே கூட்டிப் போய் நிறுத்தப் போகிறேன்.