புதுப்பிப்பு: தம்பி மகனின் பேச்சுத் தாமதம்

தம்பி மகனுக்கு 2 வயதாகியும் ஒரு சொல்கூட வரவில்லை, பெற்றோரோ பிடிகொடுக்கவில்லை, எப்படி எடுத்துச் சொல்வது என்று முன்பு கேட்டிருந்தேன். ஆட்டிசமாக இருக்குமோ என்ற பேச்சையே நான் எடுக்கவில்லை. “காது கேட்கிறதா என்று மட்டும் பார்த்துவிடலாம் தம்பி, நானும் வருகிறேன்” என்றேன். பேச்சு தாமதமானால் முதலில் பார்க்க வேண்டியதும் அதுதானே!

காதில் குறையில்லை. அடுத்து, ஆட்டிசத்தின் அறிகுறிகள் தெரிகின்றனவா என்று பெற்றோரிடம் கேட்கும், 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கான எம்-சாட் வினாத்தாளை மருத்துவர் நீட்டினார். ‘விரலால் சுட்டிக் காட்டுகிறானா?’ என்ற இடத்தில் தம்பி மனைவியின் பேனா வெகுநேரம் நின்றது. பிறகு அவளே ‘இல்லை’ என்று குறித்தாள்.

அந்தத் தாள் மட்டுமே ஆட்டிசத்தை உறுதிசெய்வதில்லை. விரிவான பரிசோதனை பாக்கியிருக்கிறது. அதற்காகக் காத்திராமல் பேச்சுப் பயிற்சியைத் தொடங்கிவிட்டார்கள். அம்மாவுக்குத்தான் என்மேல் இன்னும் கோபம்.