நம்ம இரக்கத்துக்குள்ள கோபம் ஒளிஞ்சிருக்கா?

தூங்காதவன்:
யாராவது கஷ்டப்படுறத பாத்தா என்னால சும்மா இருக்க முடியாதுங்க. கூட வேலை பாக்குறவருக்கு உடம்பு முடியாம போனப்ப ரெண்டு மாசம் அவர் வேலையையும் சேத்து நானே இழுத்துப் போட்டு செஞ்சேன், திரும்பி வந்தவர் வாயத் தொறந்து ஒரு நன்றி சொல்லல, எனக்கு வந்துச்சே ஒரு கோபம், நானே பயந்துட்டேன். சைக்காலஜி படிக்கிற ஃப்ரெண்ட்கிட்ட சொன்னா "உன் இரக்கமே அடக்கி வச்ச கோபந்தான்டா, சைக்கோஅனாலிசிஸ ஆரம்பிச்ச டாக்டர் ஃப்ராய்ட் அப்பவே சொல்லிட்டார்"ங்கறான். அப்ப நான் செஞ்சதெல்லாம் நடிப்பா?

பழைய நோட்டு:
நடிப்புன்னெல்லாம் ஃப்ராய்ட் சொல்லலீங்க. 1915ல முதல் உலகப் போர் நடக்குறப்ப எழுதின கட்டுரைல, கொடூரம் இரக்கமா மாறிட்ட மாதிரி வெளிய தெரியும், ஆனா நிஜத்துல கொடூரம் மாறல, அதுக்கு எதிரா மனசு எழுப்புன சுவர்தான் அந்த இரக்கம்னு சொல்றார். ரியாக்‌ஷன் ஃபார்மேஷன்னு பேரு. அதே கட்டுரைல இன்னொண்ணும் இருக்கு, பெரியவங்களானதும் மிருகங்கள காப்பாத்த ஓடுறவங்கள்ல நெறைய பேர் சின்ன வயசுல அதுங்கள சித்ரவதை பண்ணவங்கதானாம்! உங்க ஃப்ரெண்ட் பாதி படிச்சிட்டு வந்து பேசிருக்கார்.

கடைசிபெஞ்ச்:
நன்றி சொல்லலன்னா கோபம் வரும். இதுக்கு எதுக்குங்க ஃப்ராய்ட்?

மழைக்காகிதம்:
எனக்கு, குழந்தைங்க மனச ஆராய்ஞ்ச மெலனி க்ளைன் சொல்றதுதான் சரியா படுது. கைக்குழந்தைக்கு பால் குடுக்குற அம்மா வேற, பசில அழுறப்ப வராத அம்மா வேற, வராதவள கடிச்சுக் கொதறணும்னு வெறி. ரெண்டும் ஒரே ஆள்னு ஒருநாள் புரியுது பாருங்க, அய்யோ இவளயா அப்படி நெனச்சோம்னு குற்ற உணர்ச்சி வருது, ஒடச்சத ஒட்ட வைக்கணும்னு தோணுது. அடுத்தவங்க மேல அக்கறை அங்கேர்ந்துதான் வளருதுங்கறாங்க. அதனால கோபம் இருந்துச்சுன்னா பாசம் பொய்னு ஆகாது, ரெண்டும் சேந்தே இருக்கும்.
ஆனா உங்க விஷயத்துல எனக்கு ஞாபகம் வர்றது அன்னா ஃப்ராய்ட், ஃப்ராய்டோட மகள். 1936ல வந்த புக்ல, தனக்குன்னு எதுவுமே கேக்காம தன் ஆசைய எல்லாம் அடுத்தவங்க மேல ஏத்தி வச்சு அவங்களுக்காக அலையிற ஒரு பொண்ணப் பத்தி எழுதிருக்காங்க. உங்களுக்கு முடியாதப்ப யார்கிட்டயாவது உதவி கேட்டிருக்கீங்களா?

தூங்காதவன்:
கேட்டதே இல்லீங்க. போன வருஷம் ஜுரத்தோடதான் வேலைக்குப் போனேன், ஒருத்தருக்கும் தெரியாது. அவருக்கு நான் செஞ்சது பூராவும் எனக்கு யாராவது செய்யமாட்டாங்களான்னு ஏங்குனதுதானோன்னு இத டைப் பண்றப்பதான் தோணுது. ஆனா அந்த ஃப்ரெண்ட் மேல இருக்குற கடுப்பு மட்டும் இன்னும் போகல.