சபை ஊழியத்துல இருந்து அனுப்பிட்டா அது வேலை போனது இல்லையாம்!

பாளை_ஜெபா:
நேத்து ஒரு அண்ணாச்சி இங்க எழுதியிருந்தாரு, சபை ஊழியத்துல இருந்து ஒருத்தர நிறுத்துனா அத வேலை போச்சுன்னு சொல்லக்கூடாதாம், கர்த்தர் வேற வயலுக்கு, அதாவது வேற ஊழிய இடத்துக்கு, அனுப்புறாராம், அப்போஸ்தலன் பவுல் கூடாரம் பண்ணித்தான் சாப்பிட்டாராம், சபைகிட்ட கை நீட்டலையாம். வாசிச்சதுல இருந்து மனசு ஆறல. எங்க மச்சான் ஒரு சுயாதீன சபைல (எந்தப் பெரிய திருச்சபையோடயும் சேராம தனியா நடக்குற சபை) யூத் பாஸ்டரா இருந்தவரு. ஞாயிறு ரெண்டு ஆராதனை, சண்டே ஸ்கூல், வீட்டு ஜெபம், ஆஸ்பத்திரி, அடக்க ஆராதனை, மைக் வயர் சுத்தி வைக்கிறது வரைக்கும் அவருதான். பெரிய பாஸ்டர் மகன் பைபிள் காலேஜ் முடிச்சிட்டு வந்ததும் "உங்களுக்கு கர்த்தர் வேற திட்டம் வச்சிருக்காரு"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. ஒரு லெட்டர் கூட இல்ல. சபை குடுத்த வீட்டையும் காலி பண்ணணும், பிள்ளைக்கு பாதி வருஷம் ஸ்கூல் கிடக்கு. இதுல பவுல இழுக்காதீங்க.

சாயர்புரம்_தாவீது:
அந்த அண்ணாச்சி நான்தான், பேரச் சொல்லியே கேட்டிருக்கலாம். பைபிள்ல அப்போஸ்தலர் 18:3 எடுத்துப் பாருங்க. பவுல் கொரிந்துல ஆக்கில்லா கூட தங்கி கூடாரம் பண்ணுனாரு. ஊழியம் அழைப்பு. சம்பளத்துக்கு வந்தவன்தான் சம்பளம் நின்னா அழுவான்.

பாளை_ஜெபா:
அதே பவுல் 1 கொரிந்தியர் 9:14ல சுவிசேஷத்த அறிவிக்கிறவங்களுக்கு சுவிசேஷத்தாலயே பிழைப்பு உண்டாகணும்னு கர்த்தர் கட்டளையிட்டிருக்காருன்னு எழுதுறாரே, அத வசதியா விட்டுட்டீங்க.

சாயர்புரம்_தாவீது:
அடுத்த வசனம் 9:15. "நான் இவைகளில் ஒன்றையும் அநுபவிக்கவில்லை." கண்ணாடி போட்டு வாசிங்க.

கோர்ட்டு_குமாஸ்தா:
வசனம் இருக்கட்டும். மச்சானுக்கு பணம் பேங்க்ல வந்துச்சா, கவர்ல வந்துச்சா? பிஎஃப் பிடிச்சாங்களா? கிராஜுவிட்டி (வேலைய விட்டு நிக்கும்போது மொத்தமா குடுக்குற பணம்) சட்டத்துல அஞ்சு வருஷம் தொடர்ந்து வேலை பாத்திருந்தா வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் உண்டு, ஆனா பத்து பேராவது வேலை பாக்குற இடமா இருக்கணும். சபைக்கு அது செல்லுமாங்கிறதே தனி வழக்கு. கையில ஒரு காகிதம் கூட இல்லாம எங்கயும் போய் நிக்க முடியாது.

டாலஸ்_பிரதர்:
பிரைஸ் தி லார்ட். அமெரிக்காவுல இது முடிஞ்ச விஷயம். 2012ல ஹொசன்னா டேபர் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் ஒன்பது நீதிபதியும் ஒரே முடிவா சொல்லிட்டாங்க, ஊழியக்காரரா யார வைக்கணும் யார அனுப்பணும்ங்கிறது சபையோட உரிமை, பாகுபாடு காட்டுனாங்கன்னு கேஸ் போட முடியாது. இத்தனைக்கும் அந்தக் கேஸ்ல வேலை போன அம்மா மிச்சிகன்ல ஒரு சபை ஸ்கூல் டீச்சர்.

பாளை_ஜெபா:
பிரதர், இது மிச்சிகன் இல்ல, பாளையங்கோட்டை. உரிமை இருக்குன்னா ஒரு மாசம் முன்னாடி சொல்லக்கூடாதுன்னு அந்த ஒன்பது பேரும் சொன்னாங்களா? தாவீது அண்ணாச்சி, 2 கொரிந்தியர் 11:8 வாசிங்க. கொரிந்து சபைக்கு ஊழியம் செய்ய மத்த சபைகள்கிட்ட சம்பளம் வாங்குனேன்னு பவுலே எழுதுறாரு. பிலிப்பியர் 4:16ல தெசலோனிக்கேல இருந்தப்பவும் பிலிப்பி சபையார் உதவி அனுப்பி வச்சாங்கன்னு இருக்கு. எப்பவும் கூடாரம் மட்டுமே பண்ணிக்கிட்டு இருக்கல.

சாயர்புரம்_தாவீது:
அவங்களா மனசுவந்து குடுத்தது அது. பவுல் கேக்கல. 9:15, 9:15, 9:15. எத்தனை தடவ சொல்லுதேன்.

ரூபி_மார்த்தாள்:
நான் ஒரு ஊழியக்காரர் மனைவி. சபைல ஒருத்தருக்குத்தான் பணம் குடுப்பாங்க, வேலை பாக்குறது ரெண்டு பேரு. சண்டே ஸ்கூல், பெண்கள் கூடுகை, வர்ற விருந்தாளிக்கெல்லாம் சாப்பாடு, எல்லாம் நாங்கதான். அனுப்பும்போது எங்ககிட்ட ஒரு வார்த்தை கிடையாது, மறுநாள்ல இருந்து சபை ஆளுங்க ஃபோனே எடுக்க மாட்டாங்க, கூட ஜெபிச்சவங்களே பஸ் ஸ்டாப்புல பாத்தா திரும்பிக்கிறாங்க. அத பத்தியும் பேசுங்க.

சாயர்புரம்_தாவீது:
சிஸ்டர், ஆக்கில்லா மனைவி பிரிஸ்கில்லாளும் கூடாரம் பண்ணுனவங்கதான். சுயாதீன சபைக்கு போனா இப்படித்தான். எங்க சிஎஸ்ஐல (தென்னிந்திய திருச்சபை) குருவானவரை இடமாத்தம்தான் பண்ணுவாங்க, தெருவுல விடமாட்டாங்க.

பாளை_ஜெபா:
இடமாத்தமா? குருவானவருக்குக் கீழ ஊழியம் பாக்குற உபதேசியார்மார்கிட்ட போய்க் கேளுங்க. டயோசிசன் (திருமண்டல) எலக்‌ஷன் வந்தா கோர்ட்டு கோர்ட்டா அலையிறவங்க பேசுற பேச்சா இது. போன வருஷம் அசன (சபை விருந்து) கணக்கு கேட்டதுக்கு குரூப்ப விட்டு போனவரு நீங்க, மறக்கல.

சாயர்புரம்_தாவீது:
அசனக் கணக்கு நோட்டுல இருக்கு, வந்து பாருங்க. பேச்ச மாத்தாதீங்க. 9:15க்கு பதில் வரல.

கோர்ட்டு_குமாஸ்தா:
பேங்க்ல வந்துச்சா இல்லையான்னு கேட்டேன்.

பாளை_ஜெபா:
தாவீது அண்ணாச்சி, உரிமை இருக்குன்னு 9:14 வரைக்கும் பக்கம் பக்கமா எழுதிட்டு எனக்கு வேண்டாம்னு பவுல் விட்டுக்குடுக்காரு, விட்டுக்குடுக்கது அவரு இஷ்டம், அடுத்தவன் சோத்த சபை விட்டுக்குடுக்க முடியாது. நீங்க கவர்மென்ட் ஸ்கூல்ல ரிட்டையர் ஆகி மாசாமாசம் பென்ஷன் வாங்கிக்கிட்டு ரெண்டு பிள்ளை வச்சிருக்கவன கூடாரம் பண்ணப் போன்னு சொல்லுதீங்க. உங்க பென்ஷன நிறுத்தி வேற வயலுக்கு போங்கன்னா போவீங்களா?

சாயர்புரம்_தாவீது:
என் பென்ஷன் நான் பாத்த வேலைக்கு கவர்மென்ட் குடுக்குறது, அதப் பேச நீங்க யாரு? உங்க மச்சான் ஏன் நின்னாருன்னு அந்த சபை ஆளுங்க வேற மாதிரி சொல்லுதாங்க, அதையும் எழுதட்டுமா?

பாளை_ஜெபா:
எழுதுங்க. பேரப் போட்டு எழுதுங்க.